பங்குப் பத்திரத்தில் முதல் பெயர்

காஜா பெராங், மலாக்கா
4-4-1957

சீதாவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். வந்து சேர்ந்தோமா, வழியில் செத்தோமா என்று கேட்டு ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வரவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். சுகம் விசாரிக்க அல்ல, என் உரிமையைக் கேட்க.

மலாக்காவுக்கு இறங்குகிற தம்பின் ஸ்டேஷன் வரைக்கும் உங்கள் ரயில்வே பாஸில் வரவில்லை. காசு கொடுத்து டிக்கட் எடுத்துத்தான் வந்தேன். அதையும் சொல்லிக் காட்டுவீர்கள் என்று தெரியும். என்னைப் பெற்ற ஐயா கண்மூடிய பிறகு எனக்கு இந்த ஊரில் வீடு இல்லை. மீனாட்சி என்று ஒரு மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், தன் வீட்டின் பின்னறையை வாடகைக்குத் தந்திருக்கிறாள். விபூதி பூசுகிறாள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறாள், தமிழ்தான் வராது. மலாயில் கதைக்கிறோம். வந்த அன்று நான் அழுததைப் பார்த்து "சபார்லா" என்றாள். பொறுமையாய் இருக்கட்டுமாம். பொறுத்துப் பொறுத்துத்தான் இந்த அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு அவ்வளவு மலாய் போதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் தகப்பன் பொன்னுதுரை முப்பது வருஷம் நிலக் கந்தோரில் கிளாக்கராய் இருந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய பங்குகளை எனக்குச் சீதனமாகத் தந்தார். ஆயர் லஞ்சூட் ரப்பர் மூவாயிரம், சுங்கை மெந்தாரா ஈயம் இரண்டாயிரம். மற்றப் பெண்களுக்குக் காணியும் வீடும் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்தது கடுதாசி. அந்தக் கடுதாசியில் கலியாணப் பதிவு எழுத்தன்று ஐயா தன் கையால் "நல்லையா, சாரதாம்பாள்" என்று எழுதினார். ஆம்பிளையின் பெயர் முன்னுக்கு இல்லாவிட்டால் சபையில் மரியாதை இல்லையாம். இவ்வளவு படித்த மனிதருக்கு ஒன்று தோன்றவில்லை. இரண்டு பெயர் இருந்தால் கம்பெனிக்காரன் முதல் பெயருக்குத்தான் டிவிடெண்டு செக் அனுப்புவான். என் சீதனம், உங்கள் பெயரில் செக். பதினேழு வருஷமாக நடப்பது இதுதான்.

ஆனால் விற்பதென்றால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். அதனால்தானே அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவே விற்பனைப் படிவத்தை, அந்தப் பாரத்தை, வைத்து "கையெழுத்தை வை" என்றீர்கள்? எதற்கு விற்பது, எவ்வளவுக்கு விற்பது, ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்குக் கோப்பையைச் சுவரில் எறிந்தீர்கள். உங்கள் தங்கை விஜயாவின் கலியாணத்துக்கு என்று பிறகு அவள் வாயால்தான் எனக்குத் தெரியவந்தது.

இதோடு ஒரு பாரம் வைத்திருக்கிறேன். இனிமேல் டிவிடெண்டை மலாக்கா பாங்கில் என் கணக்குக்கு அனுப்பச் சொல்லிக் கம்பெனிக்குக் கொடுக்கும் பாரம். நான் கையெழுத்து வைத்துவிட்டேன். நீங்களும் வைத்து அனுப்புங்கள். ஆயர் லஞ்சூட் இடைக்கால டிவிடெண்டு போன மாதம் வந்திருக்கும். அதையும் அனுப்புங்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். நான் உங்களிடம் பிச்சை கேட்கவில்லை.

சாரதாம்பாள்


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
11-4-1957

சாரதாம்பாளுக்கு,

உம்முடைய காகிதம் வந்தது. காகிதமா அது? வக்கீல் நோட்டீஸ். கந்தோரில் வைத்துப் பிரித்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இங்கே என் மானம் கப்பலேறுகிறது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கலியாணசுந்தரத்தின் பெண்சாதி தினமும் வேலியில் வந்து நின்று, "அக்கா எப்ப வருவா அண்ணை?" என்று கேட்கிறாள். அவளுக்குத் தெரியாமலா கேட்கிறாள்? எங்கள் வரிசையில் எந்த வீட்டுப் பெண்ணாவது இப்படிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாளா? நானும் விஜயாவும் ஒரு மாதமாக ரொட்டியும் சம்பலும் தின்கிறோம்.

விஜயாவுக்கு இருபத்தெட்டு வயது. தாய் தகப்பன் இல்லை. அவளுக்கு இருப்பது நான் ஒருத்தன். அவளுக்குப் பேசிய ஜெயபாலன் நல்ல பையன், மின்சார இலாகாவில் நிரந்தர வேலை, குடிப்பழக்கம் இல்லை. அவர்கள் பத்தாயிரம் வெள்ளி ரொக்கம் கேட்கிறார்கள். ரயில்வே கிளாக்கனிடம் பத்தாயிரம் மரத்திலா காய்க்கிறது? இந்தப் பங்குகளை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை. மனைவியின் சீதனத்தால் தங்கையைக் கரையேற்றாத அண்ணன் நம் ஆட்களில் எத்தனை பேர், சொல்லும் பார்ப்போம். உம்முடைய ஐயாவே தன் தங்கைகளுக்கு அப்படித்தானே செய்தார்?

இன்னுமொன்று. ஆகஸ்ட்டில் வெள்ளைக்காரன் கொடியை இறக்குகிறான். கந்தோரில் எல்லோரும் சொல்கிறார்கள், அவன் கப்பலேறினால் இந்தக் கம்பெனிகள் எல்லாம் மண்ணாய்ப் போகும் என்று. அப்போது உம்முடைய பங்குப் பத்திரம் கச்சான் கடலை சுற்றத்தான் உதவும். இப்போது விற்றால் நாலு காசு. என் பேச்சை ஒரு தடவையாவது கேளும்.

டிவிடெண்டு கேட்டீர். ஆயர் லஞ்சூட் இந்தத் தடவை இடைக்கால டிவிடெண்டு கொடுக்கவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம். உம்முடைய பாரத்தில் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். விற்பனைப் பாரத்தை மறுபடி அனுப்புகிறேன். கையெழுத்து வைத்து, அதையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு அடுத்த ரயிலில் வீட்டுக்கு வாரும்.

நல்லையா


காஜா பெராங்
18-4-1957

சீதாவின் அப்பாவுக்கு,

பொய்! பச்சைப் பொய்! எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

ஆயர் லஞ்சூட் நூற்றுக்குப் பத்து வீதம் இடைக்கால டிவிடெண்டு அறிவித்தது பிப்ரவரியில். செக் தபாலில் போட்டது மார்ச் பதினெட்டு. வரி போக இருநூற்றுப் பத்து வெள்ளி. உங்களுக்கு டிவிடெண்டு என்றால் செக் வந்து மேசையில் விழுந்த பிறகுதான் டிவிடெண்டு. எனக்கு அது வருவதற்கு முன்னமே தெரியும். பதினேழு வருஷமாக எந்தக் கம்பெனி எந்த மாதம் கொடுக்கும், போன வருஷத்தைவிடக் கூடவா குறையவா என்று பார்த்துப் பார்த்து வைத்தவள் நான். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு சதம் வராமல் இருந்தபோதும், வராதது எது என்று எனக்குத் தெரியும். உங்களைக் கேட்டால் இரண்டு கம்பெனியின் பெயரும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. செக்கில் உள்ள பெயர் மட்டும் தெரியும். அது உங்கள் பெயர்.

இங்கே எனக்குப் பேப்பர் கிடைக்காது என்று நினைத்தீர்களாக்கும். தெருமுனையில் உள்ள சமது நானாவின் கடைக்கு இங்கிலீஷ் பேப்பர் வருகிறது. அவர் படித்து முடித்ததும் பங்குப் பக்கத்தைக் கிழித்து எனக்கென்று எடுத்து வைக்கிறார். "என்னம்மா, இன்னைக்கு உங்க ரப்பர் ஏறுதா எறங்குதா?" என்று கேட்பார். ஏறுகிறது, நானா. என் வீட்டுக்காரரின் பொய்தான் அதைவிட வேகமாய் ஏறுகிறது.

வெள்ளைக்காரன் கப்பலேறுவானாம். ஏறட்டும். ரப்பர் மரத்தையும் பிடுங்கிக்கொண்டா ஏறப்போகிறான்? சுதந்திரம் கிடைக்கும் மெர்டேக்கா அன்று மரத்தில் பால் வடியாதா? உங்கள் கந்தோரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் எத்தனை பேர் பங்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

விஜயாவுக்குக் கலியாணம் நடக்கக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. பதினொரு வயதில் இருந்து அவள் தலையை வாரிப் பின்னிவிட்டவள் நான். ஆனால் என் சீதனத்தை எடுத்து அவளுக்குச் சீதனம் கொடுத்தால், நாளைக்குச் சீதாவுக்கு யாருடைய சீதனத்தை எடுப்பீர்கள்? அவள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். கெட்டிக்காரி. நீங்கள் ஒரு தடவைகூட அவளுடைய ரிப்போர்ட்டை நிதானமாய்ப் பார்த்ததில்லை.

அந்த இருநூற்றுப் பத்து எங்கே? இதற்குப் பதில் வேண்டும். விற்பனைப் பாரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இனி அனுப்பித் தபால் தலையை வீணாக்காதீர்கள்.

சாரதாம்பாள்


பிரிக்பீல்ட்ஸ்
6-5-1957

சாரதாம்பாள்,

ஓம். செக் வந்தது. ஓம், நான்தான் மாற்றினேன். ஜெயபாலன் வீட்டாருக்கு முற்பணமாகக் கொடுத்தேன். இப்போது என்ன செய்யப் போகிறாய்? போலீசுக்குப் போகிறாயா? போ. செக்கில் யார் பெயர் இருக்கிறது என்று அவனும் கேட்பான்.

உன் காகிதத்தைப் படித்ததில் இருந்து எனக்குத் தலை வெடிக்கிறது. கடைக்காரனுக்கு முன்னால் என்னைப் பொய்யன் ஆக்குகிறாயா? பங்குப் பக்கம் கிழித்து வைக்கிறாராம்! கட்டின பெண்சாதிக்குப் பேப்பர் படிக்கத் தெரிந்துவிட்டால் புருஷன் திருடன் ஆகிவிடுவானா? பதினேழு வருஷமாக அந்த டிவிடெண்டில் வீட்டுக்கு அரிசி வரவில்லையா? பிள்ளைக்குச் சட்டை வரவில்லையா? நான் என்ன குதிரைப் பந்தயத்திலா விட்டேன்?

கேட்டுக்கொள். உன் பாரத்தில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். நீ விற்பனைக்குக் கையெழுத்து வைக்கிறவரைக்கும் வருகிற ஒவ்வொரு செக்கும் என் கணக்கில்தான் விழும். சட்டம் என் பக்கம். உன் ஐயா எழுதி வைத்தது அது. அவர் உன்னைவிட உலகம் தெரிந்தவர். நீ அந்தப் பின்னறையில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறாய் என்று நானும் பார்க்கிறேன்.

சீதாவுக்குப் பதினைந்து வெள்ளி மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். அது அவளுக்கு. உனக்கல்ல.

நல்லையா


காஜா பெராங்
23-6-1957

சீதாவின் அப்பாவுக்கு,

ஒன்றரை மாதமாக உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதியிருந்தால் வாயில் வரக்கூடாதது வந்திருக்கும். சட்டை தைத்துக் கொடுக்கிறேன், அதில் வாடகை ஓடுகிறது. தாக்குப்பிடிக்கிறேனா என்று பார்க்கிறேன் என்றீர்களே, நன்றாகப் பாருங்கள்.

நேற்று விஜயா வந்தாள். உங்களிடம் சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாளாம். வாசலில் நிற்கிறாள், முகம் சிவந்து போயிருக்கிறது. வா என்று கூப்பிடுவதற்குள் தொடங்கிவிட்டாள். "உங்கட பங்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடவுங்கோ மச்சாள். அது உங்களுக்குச் சோறு போடும், தாலாட்டும் பாடும். எனக்கு இருபத்தெட்டு வயசு. என்னோட படிச்சவளுக்கு மூண்டு பிள்ளையள். உங்களுக்கு விளங்குதோ?"

நானும் விடவில்லை. "விளங்குதடி. என்னை வித்துத்தான் உனக்குத் தாலி கட்டோணுமெண்டால், அதை நேர வந்து என்னட்டக் கேட்டியோ? உன்ர அண்ணன் சாப்பாட்டு மேசையில கள்ளப் பாரம் நீட்டினவர். நீ குசினிக்குள்ள நிண்டனி" என்றேன். அவள் கத்த, நான் கத்த, மீனாட்சி ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். எங்கள் சண்டையில் ஒரு சொல்லும் அவளுக்குப் புரியாது. ஆனாலும் விஜயாவைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, ஒரு தட்டுச் சோறும் அச்சார் ஊறுகாயும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள் உங்கள் தங்கை. நல்ல சோறு தின்று எவ்வளவு நாளாயிற்றோ.

சாப்பிட்டு முடிய நான் கேட்டேன், "அந்தப் பத்தாயிரம் ஆர் கையில போகுது?"

"மாப்பிள்ளையின்ர தகப்பனிட்டத்தான். வேற ஆரிட்ட?"

"உனக்கு?"

"எனக்கென்ன? நான் போறன்தானே."

இருபத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், "நான் போறன்தானே" என்கிறாள். பத்தாயிரம் வெள்ளியோடு இலவசமாய்ச் சேர்ந்து போகிற சாமான் மாதிரி. அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவளிடமும் சொன்னேன். இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

பங்கில் சரிபாதியை விஜயாவுக்குத் தருகிறேன். இரண்டு கம்பெனியிலும் பாதி. விற்க அல்ல. விஜயாவின் பெயரில் மட்டும், தனிப் பெயரில். அவளுக்கு முன்னும் யார் பெயரும் இல்லை, பின்னும் யார் பெயரும் இல்லை. டிவிடெண்டு அவள் கைக்கு வரும். அதுதான் அவளுடைய சீதனம். ஜெயபாலன் கட்டுகிறதென்றால் அதோடு கட்டட்டும். மற்றப் பாதி என் பெயரில், தனியாக. இரண்டுக்கும் பெயர் மாற்றும் பாரம் எழுதி, என் கையெழுத்து வைத்து, இதோடு அனுப்புகிறேன். முத்திரைச் செலவும் என்னுடையது.

இதைவிட என்னால் இறங்கி வரமுடியாது. என் வருமானத்தில் பாதியை வெட்டித் தருகிறேன். உங்களுக்காக அல்ல.

சாரதாம்பாள்


பிரிக்பீல்ட்ஸ்
7-7-1957

சாரதாம்பாள்,

நாசமாய்ப் போச்சு. சந்தோஷமா உனக்கு?

விஜயா உன் பாரத்தைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு மூன்று நாள் என் உயிரை வாங்கினாள். சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று வெட்கத்தை விட்டு ஜெயபாலன் வீட்டுக்குப் போனேன். ரொக்கத்துக்குப் பதிலாகப் பங்கு, பெண்ணின் பெயரில், வருஷா வருஷம் டிவிடெண்டு வரும் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேள். ரயில்வேயில் வெள்ளைக்கார துரைக்கு முன்னால்கூட நான் அப்படிக் குழைந்ததில்லை.

ஜெயபாலனின் தகப்பன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "தம்பி, பெட்டையின்ர பேரில மட்டும் எண்டால், எங்கட பெடியன் என்ன, அவவின்ர வீட்டில வாடகைக்கு இருக்கப் போறானோ? அவன்ர பேரை முன்னுக்குப் போடுங்கோ. பிறகு அவளின்ர பேரைப் போட்டால் எனக்கு மறுப்பில்லை" என்றார். ஜெயபாலன் பக்கத்தில் இருந்தான். வாயைத் திறக்கவில்லை. தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நியாயமான பேச்சுத்தானே? பெயரை முன்னுக்குப் போட்டால் முடிந்தது. நீ ஒரு சொல் சம்மதம் என்று எழுது. உலகத்தில் எல்லோரும் செய்வதுதான். உன் பிடிவாதத்துக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையை அடகு வைக்காதே. நீ அனுப்பிய பாரங்களில் நான் கை வைக்கவில்லை. மேசையில் கிடக்கின்றன. கிடந்து பூச்சி அரிக்கட்டும்.

நல்லையா


காஜா பெராங்
8-9-1957

சீதாவின் அப்பாவுக்கு,

மாட்டேன். இதை எழுத இரண்டு மாதம் தேவையில்லை. ஆனால் கோபம் ஆறினால் வேறு பதில் வருமா என்று பார்த்தேன். ஆறவும் இல்லை, வரவும் இல்லை.

"பெயரை முன்னுக்குப் போட்டால் முடிந்தது" என்கிறீர்கள். அப்படித்தான் எனக்கும் முடிந்தது. அந்தப் பையன் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தான் என்று நீங்களே எழுதுகிறீர்கள், உங்களுக்கே அது உறைக்கவில்லை. எங்கள் எழுத்தன்று நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்?

மெர்டேக்கா வந்துவிட்டது. தெருவெல்லாம் கொடி. மீனாட்சியும் நானும் பிள்ளையும் நடந்து போய்ப் பார்த்தோம். சீதா தொண்டை கட்டும்வரை கத்தினாள். கம்பெனி மண்ணாய்ப் போகும் என்றீர்கள். வெள்ளைக்காரன் கொடி இறங்கியது, ஆயர் லஞ்சூட் மூன்று சதம் ஏறியது. உங்கள் கந்தோர் ஜோசியர்களுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆயர் லஞ்சூட் வருஷ முடிவு டிவிடெண்டுக்கு நவம்பர் கடைசியில் புத்தகத்தை மூடுவார்கள். மூடும் அன்று பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் செக். அதற்கு முன் நீங்கள் கையெழுத்து வைத்தால் விஜயாவுக்கும் எனக்கும் வரும். இல்லாவிட்டால் மறுபடி உங்கள் பெயருக்கு வரும். சீதாவின் அடுத்த வருஷப் பள்ளிச் சம்பளமும் புத்தகமும் அதில்தான் இருக்கிறது. தையலில் அது முடியாது. முடிந்தமட்டும் பார்த்துவிட்டேன். அவளை நிறுத்தித் தையலில் உட்காரவைக்க வேண்டுமானால், அதற்குக் காரணம் யார் என்று அவளிடம் மறைக்காமல் சொல்வேன்.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன்.

சாரதாம்பாள்


பிரிக்பீல்ட்ஸ்
2-11-1957

சாரதாம்பாளுக்கு,

இந்தாரும், பிடியும். இரண்டு பாரமும் இதில் இருக்கின்றன. கையெழுத்து வைத்திருக்கிறேன். விஜயாவும் தன் இடத்தில் வைத்திருக்கிறாள். கம்பெனிக் கந்தோரில் நேரில் கொண்டுபோய்க் கொடும், தபாலை நம்பவேண்டாம். புத்தகம் மூட இன்னும் நாள் இருக்கிறது.

மனம் மாறிவிட்டது என்று எண்ணவேண்டாம். எனக்கு இன்னும் எரிகிறது. ஜெயபாலனுக்கு செரம்பானில் வேறு பெண் பேசி முடித்துவிட்டார்கள். முற்பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அதுவும் நான் நாலு தடவை நடந்த பிறகு. விஜயா இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்றாம் நாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோது, மேசையில் கிடந்த உம்முடைய பாரங்களைத் தட்டி என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வையுங்கோ அண்ணை கையெழுத்தை. கலியாணமும் போச்சு. பங்கும் போகவேணுமோ?"

"உனக்கு விசரோ? அவள் செய்த வேலையாலதானே எல்லாம்" என்றேன்.

"மச்சாள் செய்த வேலையால எனக்கு ஒரு மாப்பிள்ளை போனார். வாயில்லாத மாப்பிள்ளை. நீங்கள் செய்த வேலையால எனக்கு என்ன வந்தது, சொல்லுங்கோ" என்றாள். நான் வளர்த்த பிள்ளை. என்னைப் பார்த்துக் கேட்கிறாள். அந்தக் கோபத்தில்தான் கையெழுத்து வைத்தேன். பேனா முனை உடைந்துவிட்டது. இரண்டாவது பாரத்தில் மை சிந்தியிருப்பது அதனால்தான்.

திருப்பி வந்த முற்பணமும் ஈயக் கம்பெனியின் ஜூன் மாதச் செக்கும் பாங்கு டிராப்டாக வைத்திருக்கிறேன். எண்ணிப் பாரும், ஒரு சதம் குறையாது. நீர் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. இனியாவது வீம்பை விட்டு வீட்டுக்கு வாரும். இங்கே ஒழுங்கான ஒரு வாய்ச் சோறு இல்லை. அங்கே நீர் மட்டும் என்ன விருந்தா சாப்பிடுகிறீர்? புருஷன் வீட்டில் இருந்தால் உமக்கும் ஒரு நிலையான சோறு, பிள்ளைக்கும் ஒரு தகப்பன்.

நல்லையா


காஜா பெராங்
22-12-1957

அன்புள்ள உங்களுக்கு,

"சீதாவின் அப்பாவுக்கு" என்றுதான் எழுதத் தொடங்கினேன். பிறகு வெட்டிவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

செக் வந்துவிட்டது. தபால்காரன் வாசலில் நின்று "சாரதாம்பாள் ஆர்?" என்று கேட்டான். நான்தான் என்று சொல்லிக் கையை நீட்டினேன். ஆயர் லஞ்சூட் வருஷ முடிவு பதினைந்து வீதம். பாதிப் பங்குக்கு வரி போக நூற்றைம்பத்தேழரை வெள்ளி. சின்னத் தொகை. ஆனால் முப்பத்தேழு வயதில் கம்பெனி என் பெயருக்கு அனுப்பிய முதல் காசு. பாங்கில் கொடுத்தபோது அந்தப் பையன் "வீட்டுக்காரர் கையெழுத்து?" என்றான். "அதில் அவர் பெயர் எங்கே இருக்கிறது, காட்டும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீதாவின் சம்பளம் அன்றே கட்டியாயிற்று.

விஜயாவும் எழுதியிருக்கிறாள். தன் செக்கில் ஒரு சைக்கிள் வாங்கினாளாம். நீங்கள் ஒரு நாள் முழுக்க ஏசினீர்களாம். அடுத்த நாள் டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தீர்களாம். அவளுக்குக் கலியாணம் குழம்பியதை நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் கெடுகிறது. ஆனால் அந்த வீட்டுக்கு அவள் மருமகளாய்ப் போயிருந்தால் இன்னும் கெட்டிருக்கும். என் கோபம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. உடைந்த கோப்பையை நான் மறக்கவில்லை. பொய்க் காகிதத்தையும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வாரும் என்று எழுதினீர்கள். நிலையான சோறு என்று எழுதினீர்கள். அதைப் படித்துவிட்டு ஒன்றரை மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். செக் வரட்டும், கையில் வைத்துக்கொண்டு யோசிப்போம் என்று. வந்தது. யோசித்தேன்.

எனக்கும் பிள்ளைக்கும் சோறு இருக்கிறது. கொஞ்சம் தையல், கொஞ்சம் டிவிடெண்டு. இனி நான் சோற்றுக்காக வரத் தேவையில்லை. ஊர் வாய்க்காகவும் வரமாட்டேன். வந்தால், உங்களோடு இருக்க வேண்டும் என்று எனக்கே தோன்றினால்தான் வருவேன். வேறு காரணம் ஒன்றும் மிச்சமில்லை.

அப்படித் தோன்ற நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். அவசரம் இல்லை. யோசித்து எழுதுங்கள்.

சாரதாம்பாள்